துணையாளர் கட்டத்தில் நான் போட்ட டிக்

விண்ணப்பப் படிவம் என்றால் எனக்குக் கொஞ்சம் கிறுக்கு உண்டு. விளாங்குடியில் எங்கள் தெருவில் யாருக்கு எந்த ஃபாரம் வந்தாலும் அது முதலில் எங்கள் வீட்டுக்குத்தான் வரும். ஸ்காலர்ஷிப், ரேஷன் கார்டில் பெயர் சேர்ப்பது, முதியோர் பென்ஷன், கேஸ் கனெக்‌ஷன் மாற்றுவது, எதுவானாலும் சரி. எம்.எஸ்சி. கணக்கு முடித்துவிட்டு, போட்டித் தேர்வுக்குப் படிக்கிறேன் என்று சொல்லிக்கொண்டு வீட்டில் இருக்கிறவளுக்கு வேறென்ன வேலை? நீலப் பேனா ஒன்று, கறுப்புப் பேனா ஒன்று, ஸ்டாப்ளர், பசை, குண்டூசி எல்லாம் ஒரு பிஸ்கட் டப்பாவுக்குள் எப்போதும் தயாராக இருக்கும். கட்டங்களுக்குள் எழுத்துகள் ஒவ்வொன்றாகப் போய் உட்காரும்போது எனக்கு ஒரு சந்தோஷம். இந்த விஷயத்தில் எனக்கு இரண்டு கொள்கைகள் இருந்தன. ஒன்று, எந்தக் கட்டத்தையும் காலியாக விடக் கூடாது. இன்னொன்று, உனக்குத் தகுதி இருக்கிறது என்று அரசாங்கமே சொல்லும் ஒன்றைக் கேட்காமல் விடக் கூடாது. இந்த இரண்டாவது கொள்கைதான் என் அண்ணனின் பஸ் பாஸில் போய் முட்டியது.

அண்ணன் என்னைவிட ஐந்து வயது மூத்தவன். பி.காம். படித்தவன். அவன் கண்ணைப் பார்த்தால் யாருக்கும் எதுவும் தெரியாது. நல்ல பெரிய, தெளிவான கண். ஆனால் உள்ளே விழித்திரை ஓரத்திலிருந்து நடுவை நோக்கிப் பழுதாகிக்கொண்டே வருகிறது. பள்ளிக்கூட நாட்களில் அதை மாலைக்கண் என்று நினைத்து அம்மா முருங்கைக்கீரையாகக் கொடுத்துத் தள்ளினாள். கல்லூரி இரண்டாம் வருஷத்தில்தான் பெரிய ஆஸ்பத்திரியில் பார்த்துச் சொன்னார்கள். மாதக் காலண்டரைச் சுருட்டிக் கண்ணில் வைத்துப் பார்த்தால் எம்புட்டுத் தெரியுமோ அம்புட்டுத்தான் அவனுக்குத் தெரியும். எதிரே வரும் பஸ்ஸின் போர்டைப் படித்துவிடுவான். காலடியில் படுத்திருக்கும் நாயை மிதித்துவிடுவான். இருட்டிவிட்டால் அந்தச் சுருட்டிய ஓட்டையும் அடைத்துக்கொள்ளும்.

அவனுக்கு ஒரு வேலை கிடைத்தது. வாடிப்பட்டி விலக்கில், நான்குவழிச் சாலையை ஒட்டி, விவசாய மோட்டார் பம்புக்கு உதிரி பாகம் விற்கும் ஒரு குடோன். போனில் ஆர்டர் எடுத்துக் கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும். ஒன்பதிலிருந்து ஐந்து வரை. முதலாளி ஐம்பது வயதுக்காரர், நேர்த்தியாகப் பேசுகிறவர். நேர்முகத்துக்கு அண்ணன் போனபோது ஒரே ஒரு கேள்விதான் கேட்டாராம்.

“தம்பி, கம்ப்யூட்டர்ல பெரிய எழுத்து வெச்சுக்கிட்டு வேலை பாத்துருவீங்க, அதை நான் கண்ணாலயே பாத்துட்டேன். தனியா வந்து போயிருவீங்களா?”

“வந்துருவேன் சார்.”

“என்கிட்ட இருக்கறது மூணு பேரு. ஒருத்தரைக் கூட்டியாரவும் கொண்டுபோய் விடவும் எனக்கு ஆள் கெடையாது. அதான் கேக்குறேன்.”

“நான் தனியாத்தான் வருவேன் சார். தனியாத்தான் போவேன்.”

அந்த வாக்கின் பேரில்தான் வேலை. அதை அவன் சும்மாவும் சொல்லவில்லை. அதற்கு முன்னால் மூன்று தடவை தானாகவே அந்த விலக்குக்குப் போய் இறங்கி, குடோன் வரை நடந்து பார்த்து வந்திருக்கிறான். இது எனக்கும் அம்மாவுக்கும் பிற்பாடுதான் தெரியும்.

வாடிப்பட்டிக்கு டவுன் பஸ் உண்டு. அதில் மாற்றுத்திறனாளி அடையாள அட்டையைக் காட்டினாலே போதும், டிக்கெட் கிடையாது. ஆனால் அது ஊர் ஊராக உள்ளே போய் வெளியே வந்து, பரவை சமயநல்லூர் என்று ஆற அமர நின்று வரும். கார்த்திகை மாசத்தில் ஐந்து மணிக்கு வேலை முடித்து அதில் ஏறினால் விளாங்குடியில் இறங்கும்போது இருட்டியிருக்கும். திண்டுக்கல் ரூட் பஸ் என்றால் அரை மணி நேரம். வெளிச்சம் போவதற்குள் வீடு. தினமும் ரூட் பஸ்ஸுக்கு டிக்கெட் எடுப்பது தொடக்கச் சம்பளத்துக்குக் கட்டாது. வேலைக்குப் போய்வர ரூட் பஸ்ஸிலும் இலவசமாகப் போகலாம் என்று நல அலுவலகத்தில் ஒரு பயண அட்டை தருகிறார்கள். அது வேண்டும். அது இருந்தால் வேலை நடக்கும்.

அம்மாவுக்கு இந்த வேலையே பிடிக்கவில்லை. போன வருஷம் காளவாசல் சிக்னலில் ரோட்டைத் தாண்டும்போது பக்கவாட்டில் வந்த பைக் இடித்து அண்ணனுக்கு மணிக்கட்டு பிசகிவிட்டது. அன்றிலிருந்து அவன் செருப்பை மாட்டும் சத்தம் கேட்டாலே அம்மா தையல் மெஷினை நிறுத்திவிடுவாள். அம்மா வீட்டிலேயே ஜாக்கெட் தைக்கிறவள். அப்பா கோயம்புத்தூர்ப் பக்கம் கட்டட வேலையில் இருக்கிறார், மாதத்துக்கு ஒரு முறைதான் வருவார். ஆக, வீட்டில் கவலைப்படுகிற வேலை மொத்தமும் அம்மாவுடையது.

“தொணைக்கு ஆளில்லாம நாலுவழி ரோட்டுக்கு நான் எப்படி அனுப்புவேன்?” என்று அவள் சொல்லிக்கொண்டே இருந்தாள். அந்த வார்த்தை என் காதில் விழுந்து விழுந்து எங்கோ தங்கியிருக்க வேண்டும்.

விண்ணப்பிக்கப் போனோம். கலெக்டர் ஆபீஸ் வளாகத்துக்குள் இருந்தது அந்த அலுவலகம். டவுன் பஸ்ஸில் அவனுக்கு அட்டைதான் டிக்கெட், எனக்குப் பெண்ணாகப் பிறந்ததே டிக்கெட். அடையாள அட்டை ஜெராக்ஸ், ஆதார், ரேஷன் கார்டு, முதலாளி லெட்டர்பேடில் தந்த வேலைச் சான்று, பாஸ்போர்ட் சைஸ் போட்டோ இரண்டு, எல்லாவற்றையும் வரிசையாகப் பின் அடித்து வைத்திருந்தேன். எங்களுக்கு முன்னால் ஊன்றுகோலோடு ஓர் அண்ணன் நின்றார். புதுப்பிக்க வந்தவர். சீட்டில் இருந்த மேடம் அவருடைய போட்டோவை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

“இது பழைய போட்டோண்ணே. புதுசு வேணும்.”

“ஏன் மேடம், காலு வளந்துருச்சான்னு பாக்கவா?”

“முடி எம்புட்டு இருக்குன்னு பாக்க. இதுல நெறைய இருக்கே.”

வரிசையே சிரித்தது. அவரும் தலையைத் தடவிக்கொண்டு போட்டோ எடுக்கப் போனார்.

படிவத்தை வாங்கியதும் நான் சுவரோரமாக ஒரு பெஞ்சில் உட்கார்ந்து நிரப்ப ஆரம்பித்தேன். அண்ணன் பக்கத்தில் நின்றான். பெயர், முகவரி, ஊனத்தின் தன்மை, பயணம் தொடங்கும் இடம், முடியும் இடம். சர்ரென்று போய்க்கொண்டிருந்தது. இரண்டாம் பக்கத்தில் ஒரு கட்டம். துணையாளர் தேவையா? ஆம், இல்லை.

எழுந்து போய் மேடத்திடம் கேட்டேன். “மேடம், இது எங்களுக்குப் போடலாமா?”

அவர் அட்டையைப் பார்த்தார். “போடலாம்மா. சதவீதம் இருக்கு. கூட ஒரு ஆளும் ஃப்ரீயாப் போகலாம். தனியாப் போயிட்டு வர்றவங்க பெரும்பாலும் போட மாட்டாங்க.”

முதல் வார்த்தையோடு என் காது மூடிவிட்டது. போடலாம். தகுதி இருக்கிறது. போட்டுவிட்டேன், அழுத்தமாக, கறுப்புப் பேனாவில்.

“அண்ணே, இங்க ஒரு கையெழுத்து.”

“என்ன எழுதியிருக்கு?”

“வழக்கமா எல்லா ஃபாரத்துலயும் இருக்கறதுதாண்ணே. மேலே சொன்னதெல்லாம் உண்மைன்னு. கவுன்ட்டர் மூடப்போறாங்க, போடு.”

என் விரல் இருந்த இடத்தில் அவன் கையெழுத்துப் போட்டான். கவுன்ட்டர் மூட இன்னும் ஒன்றரை மணி நேரம் இருந்தது. அவசரம் என்னுடையது. எனக்கு எப்போதும் அவசரம்தான்.

பத்துப் பன்னிரண்டு நாளில் அட்டை கைக்கு வந்தது. போட்டோ, முத்திரை, கையெழுத்து, எல்லாம் சரி. நடுவில் சிவப்பு மையில் ஒரு ரப்பர் ஸ்டாம்ப்: துணையாளருடன். அண்ணன் அட்டையை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்து, தலையை இடமிருந்து வலமாக நகர்த்தி நகர்த்திப் படித்தான். அந்தச் சிவப்பு வார்த்தையில் வந்து நின்றான்.

“இதை எதுக்குப் போட்ட?”

“இருக்கட்டும்ணே. தேவைன்னா யூஸ் பண்ணிக்கலாம், இல்லாட்டி விட்டுரலாம். சும்மா கெடைக்கறதை எதுக்கு விடணும்?”

அம்மா கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். “ரெண்டு பேருக்குமா குடுத்திருக்காங்க?”

“ஆமாம்மா. கூட ஒரு ஆளு போகலாம்.”

அம்மாவின் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் ரொம்ப நாளாகப் பார்த்ததில்லை.

வேலையில் சேர வேண்டியது ஒரு புதன்கிழமை. அன்று காலையில் அண்ணன் சட்டையை இன் பண்ணிக்கொண்டு வாசலுக்கு வந்தால், அம்மா புடவை மாற்றி, தலை சீவி, கட்டைப்பை ஒன்றைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். பைக்குள் அவனுடைய சாப்பாடு, அவளுடைய சாப்பாடு, தண்ணீர் பாட்டில், ஹூக் வைத்துத் தைக்க வேண்டிய ஜாக்கெட்டுகள்.

“நீ எங்கம்மா வர்ற?”

“தொணைக்கு. அதான் அரசாங்கமே போட்டுக் குடுத்திருக்கே.”

“அது இருந்தா வரணும்னு இல்லம்மா.”

“குடுத்ததை வேணாம்னு விட்டுருவாங்களாக்கும்? பஸ்ஸு வரப்போவுது, நட.”

அவன் என்னைப் பார்த்தான். அதாவது, நான் இருந்த பக்கம் தலையைத் திருப்பி, என்னைத் தேடிப் பிடித்துப் பார்த்தான். நான் பிஸ்கட் டப்பாவில் எதையோ தேடுவதுபோல் குனிந்துகொண்டேன்.

அன்று முழுக்க அம்மா குடோனுக்கு எதிரே ஒரு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். காலையில் டீ, பத்தரைக்கு ஒரு வடை. டீக்கடைக்காரரிடம் எங்கள் குடும்பத்துக் கதை மொத்தத்தையும் சொல்லியிருக்கிறாள். அவர் தன் மருமகள் கதையைச் சொல்லியிருக்கிறார். நடுநடுவே எழுந்துபோய் குடோன் கேட் வழியாக எட்டிப் பார்ப்பது, திரும்பி வந்து ஹூக் தைப்பது. பன்னிரண்டு மணி வாக்கில் முதலாளி அண்ணனைக் கூப்பிட்டார்.

“தம்பி, காலைல இருந்து அந்தம்மா நம்ம கேட்டையே பாத்துக்கிட்டு இருக்காங்களே, யாருன்னு தெரியுமா? பேக்கிங் வேலைக்கு ஆள் கேட்டிருந்தேன், அதுக்கு வந்தவங்களோ?”

“எங்கம்மா சார்.”

முதலாளி “அப்படியா”ன்னு மட்டும் சொல்லிவிட்டு, பாஸை வாங்கி, ஃபைலில் வைக்க ஒரு ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு திருப்பித் தந்தாராம்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் அம்மா உற்சாகமாகச் சொன்னாள்: “ஏழு ஜாக்கெட் முடிச்சுட்டேன்டி. வீட்டுல இருந்தா யாராச்சும் வந்துக்கிட்டே இருப்பாங்க, நாலு ஓடாது. அங்க நல்ல காத்து.”

அண்ணன் கைகால் கழுவி வந்து உட்கார்ந்தான். சத்தமே போடவில்லை. “நாளைக்கு நீ வரக்கூடாதும்மா.”

“நான் என்ன உன் ஆபீஸுக்குள்ளயா வந்தேன்? ரோட்டுலதான உக்காந்திருந்தேன். ரோடு உங்க முதலாளி போட்டதா?”

“தனியா வருவேன்னு சொல்லித்தாம்மா வேலை வாங்கியிருக்கேன்.”

“தனியாத்தான வேலை பாத்த? நானா வந்து போன் எடுத்தேன்?”

எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். அவன் சிரிக்கவில்லை. ரொம்ப நேரம் பேசி, அம்மா கடைசியில் கட்டைப்பையைக் கொண்டுபோய் ஆணியில் மாட்டினாள். மாட்டின விதத்தைப் பார்த்தால் ஒத்துக்கொண்ட மாதிரி இல்லை. ஆனால் மறுநாள் போகவில்லை.

மறுநாள் நடந்ததை அண்ணன் சாயங்காலம் எனக்குச் சொன்னான். பஸ்ஸில் ஏறி பாஸை நீட்டியிருக்கிறான். கண்டக்டர் சின்னப் பையன்தானாம், குரலிலேயே தெரிந்ததாம்.

“அண்ணே, துணையாளரோடன்னு போட்டிருக்கே, துணை எங்க?”

“வரலை. நான் தனியாப் போயிருவேன்.”

“அது எப்படிண்ணே? எறங்குறப்ப எசகுபெசகா ஏதாச்சும் ஆயிருச்சுன்னா?”

“ஒண்ணும் ஆகாது தம்பி. எனக்கு எடம் தெரியும்.”

கண்டக்டர் நல்லவன். அதுதான் சிக்கல். பாஸைத் திருப்பிக் கொடுத்துவிட்டு பஸ் முழுக்கக் கேட்கிற மாதிரி, “வாடிப்பட்டி விலக்கு எறங்குறது யாரு? இந்த அண்ணனைக் கொஞ்சம் பத்திரமா ரோட்டைத் தாண்டி விட்ருங்க!” என்று குரல் கொடுத்தானாம். வாழைக்காய் வியாபாரி ஒருவர் எழுந்து வந்து அண்ணனின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். பிடி என்றால் பிடி. இறங்குகிற வரைக்கும் விடவில்லை.

“கண்ணு எம்புட்டுத் தம்பி தெரியும்?”

“நேரா பாத்தாத் தெரியும்ணே. நான் போயிருவேன், விடுங்க.”

“அட சும்மா இருங்க, நானும் அந்தப் பக்கந்தான போறேன்.”

குடோன் ரோட்டுக்கு மறுபக்கம். அண்ணன் வழக்கமாக இறங்கி, இடதுகையால் தடுப்புச் சுவரைத் தொட்டுக்கொண்டே நடந்து, பாலத்துக்கு அடியில் புகுந்து அந்தப் பக்கம் ஏறுவான். சுற்றுதான், ஆனால் ஒரு வண்டியும் குறுக்கே வராது. வாழைக்காய்க்காரருக்கு அம்புட்டுப் பொறுமை இல்லை. நடுத்திட்டில் இருக்கும் இடைவெளி வழியாக, லாரிக்கும் லாரிக்கும் நடுவே, அண்ணனை இழுத்துக்கொண்டு ஓட்டமும் நடையுமாகத் தாண்டிவிட்டார்.

“நானா இருந்தா அந்த வழியில செத்தாலும் போயிருக்க மாட்டேன்,” என்றான் அண்ணன். “உசுரே போயிருச்சு. அவரு பாட்டுக்கு, ‘பயப்படாதீங்க தம்பி, நான் இருக்கேன்ல’ங்குறாரு.”

அதோடு விடவில்லை அவர். குடோன் வாசல் வரை கொண்டுவந்து, அப்போதுதான் ஷட்டரைத் தூக்கிக்கொண்டிருந்த முதலாளியிடம், “உங்க ஆளுதான? பிடிங்க” என்று கையை மாற்றிக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்.

முதலாளி அண்ணனை உள்ளே கூட்டிக்கொண்டுபோய் நாற்காலியில் உட்காரச் சொன்னார். ஃபைலில் இருந்து ஜெராக்ஸை எடுத்தார்.

“தம்பி, நேத்து அம்மா. இன்னிக்கு இவரு. இந்தப் பாஸுலயே போட்டிருக்கு பாருங்க. என்கிட்ட ஒண்ணு சொன்னீங்க, அரசாங்கத்துக்கிட்ட ஒண்ணு எழுதிக் குடுத்திருக்கீங்க.”

“அது தெரியாமப் போட்டது சார்.”

“எனக்கு உங்க மேல கோவம் இல்ல. வெளிய பாருங்க, லாரியா வருது. நாளைக்கு ஏதாச்சும் ஒண்ணுன்னா, துணையோட வரவேண்டியவரை ஏன் தனியா வரவெச்சன்னு என்னையத்தான கேப்பாங்க? திங்கக்கிழமை மாத்தின பாஸோட வாங்க. மாத்த முடியலைன்னா சொல்லிருங்க, நான் வேற ஆள் பாத்துக்கிறேன். மனசுல வெச்சுக்காதீங்க.”

இதையெல்லாம் அண்ணன் சொல்லி முடித்தபோது நான் ஏதேதோ பேச ஆரம்பித்தேன். மனு எழுதலாம், ஆர்டிஐ போடலாம், துணையாளர் என்பது உரிமைதானே தவிர கட்டாயம் இல்லை என்று முதலாளிக்கு ஒரு கடிதம் எழுதித் தரட்டுமா, சட்டப் பிரிவு தேடி எடுக்கட்டுமா என்று என்னென்னவோ. அவன் முழுக்கக் கேட்டுவிட்டுச் சொன்னான்:

“எனக்கு ஒருவாட்டி படிச்சுக் காட்டியிருக்கலாம்ல.”

அவ்வளவுதான் சொன்னான். திட்டியிருந்தால் பதிலுக்குப் பதில் பேசியிருப்பேன். எனக்கு அதெல்லாம் நன்றாக வரும்.

வெள்ளிக்கிழமை மறுபடியும் கலெக்டர் ஆபீஸ். அம்மாவும் கிளம்பப் பார்த்தாள், வேண்டாம் என்றுவிட்டான். என்னிடம், “நீ வா. ஆனா வாயைத் தெறக்கக் கூடாது. பேனாவையும் எடுக்கக் கூடாது” என்றான். டப்பாவை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போனேன். கை வெறுமையாக இருந்தது ஒரு மாதிரியாக இருந்தது.

வரிசை அன்றைக்கும் நீளம். எங்கள் முறை வந்ததும் அண்ணன் விஷயத்தைச் சொன்னான். மேடம் கண்ணாடியை மேலே தள்ளிவிட்டு அவனைப் பார்த்தார்.

“எடுக்கணுமா? துணையாளரையா?”

“ஆமா மேடம்.”

“இந்த சீட்டுக்கு வந்ததுல இருந்து, சேக்கச் சொல்லித்தான் எல்லாரும் சண்டை போட்டிருக்காங்க. எடுங்கன்னு வந்த மொத ஆளு நீங்கதான் தம்பி.” அப்புறம் என்னைப் பார்த்தார். “அன்னிக்கு இந்தப் பொண்ணுதான ஃபாரம் எழுதுச்சு?”

நான் தலையை மட்டும் ஆட்டினேன்.

“புது ஃபாரம் ஒண்ணு எழுதணும். கூடவே, ஏன் வேணாம்னு வெள்ளைத்தாள்ல உங்க கையால ஒரு லெட்டர்.”

அண்ணன் படிவத்தை வாங்கி அங்கேயே கவுன்ட்டர் ஓரத்தில் வைத்துக் குனிந்தான். மூக்குக்கும் தாளுக்கும் நடுவில் ஒரு சாண்தான் இடைவெளி. முதல் வரியிலிருந்து படிக்க ஆரம்பித்தான். அவன் படிப்பதைப் பார்த்தால் படிப்பது மாதிரியே இருக்காது. ஒரு வார்த்தை கண்ணுக்குள் வரும், அடுத்த வார்த்தைக்குத் தலையை நகர்த்த வேண்டும். வரி முடிந்ததும் அடுத்த வரியின் தொடக்கத்தைத் தேட வேண்டும். அதற்காக இடதுகை ஆள்காட்டி விரலை வரி ஆரம்பத்தில் நட்டு வைத்திருந்தான். விரல் கீழே இறங்கும், தலை திரும்பி வந்து அதைப் பிடிக்கும். நான் இரண்டு நிமிஷத்தில் நிரப்பிய முதல் பக்கம் அவனுக்குக் கால் மணி நேரம் ஆனது.

பின்னால் சலசலப்பு எழுந்தது. “தம்பி, கூட வந்த பொண்ணு படிச்சுச் சொல்லலாம்ல?”

“இல்லண்ணே. நானே படிச்சுக்கிறேன். நீங்க முன்னால போங்க.” நகர்ந்து வழி விட்டான். தாளிலிருந்து விரலை எடுக்காமல் நகர்ந்தான்.

“படி படி,” என்றது இன்னொரு குரல். “பரீட்சைக்காடா படிக்கிற மாப்ள?”

“பாஸ் வாங்கணும்ல,” என்றான் அண்ணன், நிமிராமலே. அந்தக் குரலுக்குச் சொந்தக்காரர் சத்தமாகச் சிரித்தார்.

என் நிலைமைதான் பாவம். அவனுடைய விரல் ஒரு வரியைத் தாண்டித் தவறி இரண்டு வரி கீழே இறங்கியபோது என் கை தானாகத் தாளை நோக்கிப் போனது. இழுத்துக்கொண்டேன். சுவரில் இருந்த நலத்திட்டப் பட்டியல் மொத்தத்தையும் படித்தேன். எங்கள் தெருவில் எதெதற்கு யார் யார் தகுதியானவர்கள் என்று மனசு கணக்குப் போட ஆரம்பித்தது. சே, சும்மா இரு என்று அதையும் நிறுத்தினேன். அவன் தவறவிட்ட வரியை அவனே கண்டுபிடித்தான். மறுபடி மேலே போய்ப் படித்தான்.

துணையாளர் கட்டம் வந்ததும் நின்றான். டிக் போடவில்லை. நிமிர்ந்து மேடம் இருக்கும் பக்கம் முகத்தைத் திருப்பினான்.

“மேடம், ஒரு சந்தேகம். இப்ப வேணாம்னு போட்டா, பின்னால கண்ணு இன்னும் கொறஞ்சிருச்சுன்னா, அப்பத் திரும்ப சேக்க முடியுமா?”

எங்கள் வீட்டில் யாரும் அதைச் சத்தமாகச் சொன்னதில்லை. அம்மா சொன்னதில்லை. நான் அவனுடைய எத்தனையோ ஃபாரம் நிரப்பியிருக்கிறேன், எல்லாவற்றிலும் நோயின் பெயரைப் பிழையில்லாமல் எழுதியிருக்கிறேன், ஆனால் இந்தக் கேள்வி எனக்குத் தோன்றியதே இல்லை. அவன் பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்பதுபோல் கேட்டான்.

மேடமும் அதே மாதிரிதான் பதில் சொன்னார். “எப்ப வேணும்னாலும் சேக்கலாம் தம்பி. வருஷா வருஷம் புதுப்பிக்க வருவீங்கள்ல? அப்ப எப்படி இருக்கோ அப்படிப் போட்டுக்கலாம்.”

“சரி மேடம்.” குனிந்து, ‘இல்லை’யில் டிக் போட்டான்.

கடிதத்தை நான் எழுதியிருந்தால் ஒரு பக்கம் வந்திருக்கும். பொருள், பார்வை, மேற்கண்ட விலாசத்தில் வசித்துவரும் நான் என்று ஆரம்பித்து இறுதியில் பணிவன்புடன் வரை போயிருக்கும். அவன் எழுதியது மூன்றே வரி. வேலைக்கு நான் தனியாகவே போய் வருகிறேன். முன்பு கொடுத்த விண்ணப்பத்தைப் படிக்காமல் கையெழுத்திட்டது என் தவறு. துணையாளர் என்பதை நீக்கித் தர வேண்டுகிறேன். வரிகள் வலதுபக்கம் போகப் போக மேலே ஏறியிருந்தன.

“என் தவறு” என்ற இடத்தில் நான் வாயைத் திறந்துவிட்டேன். “அண்ணே, அது நான்…”

“பேசக் கூடாதுன்னு சொன்னேன்ல.”

கையெழுத்துப் போட வேண்டிய அதிகாரி வெளியே போயிருந்தார். மூன்று மணிக்கு மேல்தான் வருவார் என்றார்கள். வளாகத்து வேப்பமர நிழலில் உட்கார்ந்து தயிர்ச் சாதம் சாப்பிட்டோம். ஊன்றுகோல் அண்ணன் அந்தப் பக்கம் வந்தார், புது அட்டையில் ஒட்டியிருந்த போட்டோவை எங்களிடம் காட்டி, “முடி அம்புட்டேதான் இருக்கு, நல்லாப் பாருங்க” என்றுவிட்டுப் போனார். மூன்றரைக்கு அட்டை வந்தது. அதே போட்டோ. சிவப்பு எழுத்து இல்லை. பழைய அட்டையை மேடம் வாங்கி நடுவில் ஒரு ஓட்டை போட்டு ஃபைலில் சொருகினார்.

வீட்டில் அம்மா அட்டையை வாங்கி முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தாள். “ஒருத்தருக்குத்தானா இப்ப?”

“ஒருத்தருக்குத்தான்.”

“நல்லா இருந்ததைக் கெடுத்துக்கிட்டு வந்திருக்கீங்க ரெண்டு பேரும்,” என்று என்னிடம் சொன்னாள்.

திங்கட்கிழமை காலையில் அவன் போன பிறகு அம்மா மெஷினில் உட்கார்ந்தாள். ஒரு ஜாக்கெட்டின் கையை இரண்டு தடவை தைத்து இரண்டு தடவை பிரித்தாள். நான் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரே பக்கத்தில் இருந்தேன். போன் பண்ணிப் பார்க்கலாமா என்று அம்மா கேட்டாள். வேலை நேரத்தில் போன் வந்தால் வாழைக்காய்க்காரருக்கு அப்புறம் மூன்றாவது துணையாக நாம் போய் நின்ற மாதிரி ஆகிவிடும் என்றேன். பத்து மணிக்குக் கேட்டாள், பன்னிரண்டுக்குக் கேட்டாள். நாலு மணிக்கு நானே போனைக் கையில் எடுத்துவிட்டு வைத்தேன்.

ஐந்தே முக்காலுக்குத் தெருமுனையில் அவன் நடை தெரிந்தது. வானத்தில் இன்னும் நன்றாக வெளிச்சம் இருந்தது. உள்ளே வந்து செருப்பைக் கழற்றிச் சுவரோரம் சேர்த்து வைத்தான்.

“முதலாளி என்ன சொன்னாரு?” என்று நான்தான் முதலில் கேட்டேன்.

“புது ஜெராக்ஸை எடுத்து ஃபைல்ல வெச்சாரு. பழசைக் கிழிச்சாரு. ‘போன் அடிக்குது, எடுங்க’ன்னாரு. எடுத்தேன்.”

“வேற?”

“வேற ஒண்ணுமில்ல. சோழவந்தான் பார்ட்டி. ரெண்டு ஃபுட் வால்வு கேட்டாங்க.”

அம்மா அவனுடைய முழங்கையை, மணிக்கட்டை, பேண்டின் முட்டியை எல்லாம் பார்வையால் சோதித்து முடித்திருந்தாள். “பஸ்ஸுல?”

“அதே கண்டக்டர்தான். பாஸைப் பாத்தான், குடுத்துட்டான்.”

“யாருகிட்டயும் சொல்லி விடலையா?”

“இல்ல.”

“ஒருத்தருமா எதுவும் கேக்கல?”

“ஒருத்தரும் கேக்கலம்மா.” அவன் குரலில் அப்படி ஒரு நிறைவு. “போறப்பயும் கேக்கல, வர்றப்பயும் கேக்கல.”

“உக்கார எடமாச்சும் குடுத்தாங்களா?”

“எங்க? செம கூட்டம். விளாங்குடி வரைக்கும் நின்னுக்கிட்டேதான் வந்தேன். ஒருத்தரு என் காலை வேற மிதிச்சுட்டாரு.”

“மிதிச்சுட்டு?”

“தள்ளி நில்லுய்யான்னு என்னையவே வஞ்சாரு.”

அம்மா அந்தக் கண்டக்டரையும், காலை மிதித்தவரையும், பஸ்ஸில் அன்றைக்கு உட்கார்ந்து வந்த அத்தனை பேரையும் சேர்த்து வைய ஆரம்பித்தாள். அண்ணன் சட்டையை வெளியே இழுத்து விட்டுக்கொண்டு, சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, வாயெல்லாம் பல்லாகக் கேட்டுக்கொண்டிருந்தான்.